மெஷின் கண்ணில் சந்தனம்

நீளமான அட்டைத் துண்டு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த மெஷினின் வாய்க்குள் நீட்டினேன். மெஷின் நிற்க வேண்டும். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கை போனாலும் சரி, கம்பு போனாலும் சரி, உள்ளே ஏதாவது நுழைந்த மறுகணம் நின்றுவிடும் என்றார்கள்.

நிற்கவில்லை. திறந்திருந்த இரும்பு வாய் வழக்கம்போல மூடியது. ‘டொப்’ என்று ஒரு சத்தம். என் கையில் பாதி அட்டைதான் மிச்சம் இருந்தது. மறுபாதி உள்ளே, பிஸ்கட் பெட்டிக்கான மடிப்புக் கோடுகளோடு அழகாக வெட்டுப்பட்டுக் கிடந்தது.

பக்கத்தில் ஜெசி நின்றிருந்தாள். அந்த மெஷினை ஓட்டுகிறவள் அவள்தான். வாய் திறக்கும்போது வெட்டிய அட்டையை எடுத்துவிட்டுப் புது அட்டையை வைக்க வேண்டும், மூடுவதற்குள் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க அதுதான் வேலை. அவள் அட்டையைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாந்திக்கா, இது எப்பலேர்ந்து இப்படி?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். இந்த அத்தியாயத்தில் நான் அடிக்கடி சொல்லப்போவது இதைத்தான். போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ராசா ஊரிலிருந்து ஒரு வாசகர், ‘எல்லாம் தெரிந்தவர் மாதிரி எழுதுகிறீர்கள்’ என்று குறைபட்டிருந்தார். இந்த வாரம் அவர் மனம் குளிரும்.

ஐந்து பேர் இருந்தால் ஒருவர்

ரவாங்கில் நான் வேலை பார்த்தது அட்டைப் பெட்டி செய்கிற சின்னத் தொழிற்சாலை. சீன முதலாளி. நாங்கள் தவுக்கே என்போம். நல்ல மனிதர். சத்தம் போடுவார், ஆனால் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். நான் ஆபீஸ் கிளார்க். ஆபீஸ் என்றால் ஒரு ஏர்கோன், ஒரு மீன் தொட்டி, நான்.

அந்தச் சமயத்தில்தான் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். முன்பெல்லாம் சில துறைகளுக்கு மட்டும் இருந்தது, இப்போது ஏறக்குறைய எல்லா வேலையிடத்துக்கும் பொருந்துமாம். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், அவர்களில் ஒருவரைப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக நியமிக்க வேண்டுமாம். அரசாங்கக் கடிதத்தைத் தவுக்கே என் மேசையில் வைத்தார். ஆபீஸைச் சுற்றிப் பார்த்தார். மீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சாந்தி, நீ போ லா.”

“பாஸ், எனக்கு மெஷினைப் பத்தி ஒண்ணும் தெரியாதே.”

“மெஷின் தெரிஞ்சவன் மெஷின் ஓட்டணும். நீ உட்கார்ந்துதானே இருக்க?”

அதற்கு மேல் என்ன பேசுவது. சில நாள் ஒரு ஹோட்டலில் பயிற்சி. என்னோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. லோரி கம்பெனியில் கணக்கு எழுதும் ஒரு கிராணி, பாலர் பள்ளி நடத்தும் அம்மாள், மீ நூடுல்ஸ் கடைக்காரரின் மருமகன். எல்லார் முகத்திலும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஒரு களை. ஆளுக்கொரு பச்சை மேலங்கி கொடுத்தார்கள். மீ கடை மருமகன் சாப்பாட்டு நேரத்தில்கூட அதைக் கழற்றவில்லை.

பாடம் நடத்திய மலாய் அம்மையார் தெளிவாகத்தான் பேசினார். கேட்கும்போது எல்லாம் புரிந்தது. எழுதி வைத்துக்கொண்டு திரும்பப் படித்தால்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை. சரி. ஆனால் ‘இயன்ற அளவு’. தன்னையும் பக்கத்தில் இருப்பவரையும் கவனமாகப் பார்த்துக்கொள்வது தொழிலாளியின் கடமை. அதுவும் சரி. உடனடியாக ஆபத்து வரும் என்று தகுந்த காரணத்தோடு நம்பினால், முதலாளியிடம் சொல்லியும் அவர் சரிசெய்யவில்லை என்றால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கையைத் தூக்கினேன். “முதலாளியிடம் சொன்ன பிறகு எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்க்கணும்?” என்று கேட்டேன்.

“நல்ல கேள்வி” என்று சிரித்துவிட்டு அம்மையார் திரையில் அடுத்த படத்துக்குப் போனார்.

திரும்பி வந்ததும் கம்பெனியின் பாதுகாப்புக் கொள்கையை எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். ஒரு பக்கம் சீன நாள்காட்டி, மறுபக்கம் எங்கள் மூத்த தொழிலாளி மாரி அண்ணன் மாட்டி வைத்திருந்த முருகன் படம். நடுவில் கொள்கை. ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தது. மூன்றையும் எல்லோரும் சம மரியாதையோடு கடந்து போனார்கள். எதையும் யாரும் படிக்கவில்லை.

அம்மாவுக்குக் கொடுத்த பால்

கொள்கை, பாதுகாப்பு என்று பேச்சு வந்தாலே எனக்குப் பால் ஞாபகம்தான் வரும். கொஞ்சம் பொறுங்கள், மெஷின் எங்கேயும் ஓடிவிடாது. ஓடினால்தான் பிரச்சினை.

நான் பிறந்தது புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அம்மா அங்கே மருந்து அடிக்கிற வேலை செய்தார். முதுகில் மருந்து டின்னை மாட்டிக்கொண்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு அடியில் களைக்கொல்லி தெளிக்க வேண்டும். மூக்கையும் வாயையும் பழைய துணியால் கட்டிக்கொள்வார்கள். வெயில் ஏறியதும் மூச்சு முட்டும். துணியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார்கள். அப்போதைக்கு அதுதான் பாதுகாப்புச் சாதனம்.

அதோடு இன்னொன்றும் உண்டு. மருந்து அடிக்கிற பெண்களுக்கு, அவர்களை மேய்க்கிற மண்டோர் தினமும் ஒரு கோப்பை பால் கொடுப்பார். விஷத்தைப் பால் முறித்துவிடும் என்று நம்பிக்கை. யார் சொன்னார்கள், எந்த டாக்டர் எழுதிக்கொடுத்தார் என்றெல்லாம் தெரியாது. தோட்டத்து நிர்வாகமும் நம்பியது, மண்டோரும் நம்பினார், அம்மாவும் நம்பினார்.

நம்பியவர் என்ன செய்திருக்க வேண்டும்? குடித்திருக்க வேண்டும். அம்மா குடிக்க மாட்டார். தூக்குச்சட்டியில் ஊற்றி, நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்துவிடுவார். “நீங்க வளர்ற புள்ளைங்க” என்பார். பால் விஷத்தை முறிக்கும் என்று மனதார நம்பிய பெண்மணி, அந்தப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மறுநாளும் டின்னைத் தூக்கிக்கொண்டு போனார். நானும் தம்பியும் மேல் உதட்டில் வெள்ளை மீசையோடு குடித்தோம். ருசியாக இருந்தது.

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குழப்பமாக இருக்கிறது. பால் விஷத்தை முறிக்காது என்று இப்போது தெரியும். அப்படியானால் அம்மா எதையும் இழக்கவில்லை. ஆனால் முறிக்கும் என்று நினைத்துக்கொண்டே கொடுத்தாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பயிற்சியில் அந்த அம்மையாரிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். ‘நல்ல கேள்வி’ என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து கேட்கவில்லை.

யாரும் துடைக்கவில்லை

இப்போது மெஷினுக்கு வருகிறேன். அட்டை இரண்டாகப் போன பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்ட கதை இது. நான் பயிற்சிக்குப் போயிருந்த வாரத்தில்தான் ஆயுத பூஜை.

எங்கள் தொழிற்சாலையில் ஆயுத பூஜை என்றால் அது மாரி அண்ணனின் ராஜ்ஜியம். எங்களில் ரொம்ப நாள் வேலையில் இருப்பவர் அவர்தான். மெஷின்களைத் துடைத்து, வாழைக்கன்று கட்டி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் சுற்றி உடைப்பார். தவுக்கே ஒரு தட்டு ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கைகூப்பி நிற்பார். ஒரு வருஷம் வியாபாரம் மந்தமாக இருந்தபோது, “மாரி, இந்த வாட்டி பெரிய பூசணியா வாங்கு” என்று அவரே சொன்னதுண்டு.

ஜெசியின் மெஷின் அந்த வருஷம்தான் வந்தது. வேறொரு கம்பெனியில் ஓடிய பழசுதான், ஆனால் எங்களுக்குப் புதுசு. அதன் வாய்க்கு இரண்டு பக்கமும் முழங்கை உயரத்தில் ஒவ்வொரு தூண். தூணில் கறுப்புக் கண்ணாடிப் பட்டை. ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி போய்க்கொண்டே இருக்கும். நடுவில் கை மறித்தால் மெஷின் நின்றுவிடும். அதுதான் அதன் பாதுகாப்பு.

மாரி அண்ணன் புது மெஷினைச் சுற்றி வந்திருக்கிறார். பொட்டு வைக்க நெற்றி தேடியிருக்கிறார். மற்ற இடமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. இந்தக் கறுப்புக் கண்ணாடி மட்டும் பளபளவென்று, வைத்தால் எடுப்பாகத் தெரிகிற மாதிரி இருந்திருக்கிறது. கெட்டியாகச் சந்தனம் குழைத்து இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாகப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் இட்டுவிட்டார். படம்கூட எடுத்து வைத்திருந்தார். காட்டினார். உண்மையைச் சொன்னால், மெஷின் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

பூஜை முடிந்து மெஷினுக்கு ஓய்வு. மறுநாள் எலுமிச்சம்பழம் வைத்து சுவிட்சைப் போட்டால் மெஷின் அசையவில்லை.

அசையாது. கண்ணை மூடி வைத்தாயிற்றே. ஆனால் அது யாருக்குத் தெரியும்? மாரி அண்ணன் வெலவெலத்துப் போனார். பூஜையில் ஏதோ குறை என்று அவசரமாக இன்னொரு பூசணி வாங்கி வந்து மறுபடியும் சுற்றினார். அதற்குள் தவுக்கே வெளியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார். அவரும் சீனர். பார்த்ததும் புரிந்துவிட்டது அவருக்கு. துடைத்தால் முடிந்தது. ஆனால் சுற்றிலும் கற்பூர வாசனை, ஒரு பக்கம் பூசணி, கையெடுத்துக் கும்பிட்டபடி மாரி அண்ணன். அடுத்தவர் சாமி காரியத்தில் கை வைக்கக் கூடாது என்று நினைத்தாராம். மெஷினுக்குப் பின்னால் ஒரு சின்னச் சாவி இருக்கிறது, கண்ணைக் கேட்காமலேயே மெஷின் ஓடும்படி செய்கிற சாவி. ரிப்பேர் வேலைக்காக வைத்தது. அதைத் திருப்பிவிட்டு, “தற்காலிகமா. நீங்க துடைச்ச பிறகு கூப்பிடுங்க” என்று தவுக்கேயிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மெஷின் ஓடியது. இரண்டாவது பூசணிதான் ஓட வைத்தது என்று மாரி அண்ணன் இன்றைக்கும் சொல்வார்.

தவுக்கே ஏன் துடைக்கச் சொல்லவில்லை? “உங்க சாமி லா. நான் எப்படிச் சொல்றது? நீங்களா துடைப்பீங்கன்னு நினைச்சேன்” என்றார். மாரி அண்ணன் ஏன் துடைக்கவில்லை? பொட்டைத் துடைப்பார்களா யாராவது? அதுவாக உதிரும்வரை விடுவதுதான் வழக்கம்.

ஜெசியைக் கேட்டேன். தினமும் அதன் முன்னால் நிற்பவள் அவள்தானே.

ஜெசிந்தா என்பது முழுப் பெயர். ராசாவிலிருந்து ரயிலில் வருவாள். அவள் குடும்பமும் தோட்டத்திலிருந்து வெளியே வந்ததுதான், மாதா கோயில் குடும்பம். பூஜையின்போது ஒதுங்கி நிற்பாள், ஆனால் பொரி கடலையை மறுக்காமல் வாங்கிக்கொள்வாள்.

“துடைக்கலாம்னு ரெண்டு மூணு வாட்டி துணியை எடுத்தேன்க்கா” என்றாள். “வேதக்காரி சாமி பொட்டை அழிச்சிட்டான்னு ஒரு சொல் வந்துருமோன்னு வெச்சிட்டேன்.”

எல்லோரும் ஒருவரையொருவர் எவ்வளவு மதித்தோம் பாருங்கள். இந்த நாட்டில் இதைப் பெருமையாகப் பேசுவோம். நானும் பேசுவேன். அந்த மரியாதையில் யாருக்கும் குறை வைக்கவில்லை. வாரக்கணக்கில் குருட்டு மெஷினுக்குள் ஜெசியின் கைதான் போய் வந்துகொண்டிருந்தது.

‘இயன்ற அளவு’

அட்டை வெட்டுப்பட்ட அன்றைக்குத் திரும்புகிறேன். மாரி அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு முனக, நானே ஈரத்துணியால் கண்ணாடிகளைத் துடைத்தேன். சந்தனம் பாறையாகக் காய்ந்திருந்தது. மெக்கானிக் வந்து சாவியைப் பழைய நிலைக்குத் திருப்பினார். மெஷின் ஓடவே இல்லை. சந்தனத் தண்ணீர் கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கி ஒரு பக்கத்துக் கண்ணைக் கெடுத்துவிட்டதாம். புதுசுதான் வாங்கிப் போட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். சில வாரம் ஆகும்.

பிஸ்கட் கம்பெனியின் பெரிய ஆர்டர் பாதியில் நின்றது. அந்தப் பெட்டியை வெட்டுகிற அச்சு வேறு மெஷினுக்குப் பொருந்தாது.

தவுக்கே மெஷினைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். “சாவியைத் திருப்பிவிட்டு இத்தனை வாரம் ஓடுச்சு. ஒண்ணும் ஆகலை. பார்ட் ஆர்டர் பண்ணியாச்சு. கவனமா ஓட்டினா போதும்தானே? சாந்தி, நீ சேஃப்டி. நீ சொல்லு.”

நான் பயிற்சிப் புத்தகத்தைப் புரட்டினேன். ‘இயன்ற அளவு’ என்று இருந்தது. பார்ட் ஆர்டர் செய்தது இயன்ற அளவா? ஓடாமல் நிறுத்துவதும் இயலக்கூடியதுதானே? உடனடி ஆபத்து என்று இருந்தது. வாரக்கணக்கில் வராத ஆபத்து உடனடியா? நாளைக்கு வந்தால், அது இன்றைக்கு உடனடியாக இருந்ததாக ஆகுமா? மாரி அண்ணன் தன் பங்குக்கு, “பொட்டு வெச்ச மெஷின் ஆளைக் கடிக்காதும்மா. இப்ப நீ துடைச்சிட்டியே, அதான் எனக்குப் பயமா இருக்கு” என்றார். அது எந்தப் பிரிவில் வரும் என்றும் தெரியவில்லை.

எனக்குக் கோபம்கூட வந்தது. தவுக்கே மேல் இல்லை, மாரி அண்ணன் மேலும் இல்லை. பச்சை மேலங்கியை மாட்டிவிட்டு நல்ல கேள்வி என்று சிரித்தார்களே, அவர்கள் மேல்.

என் குழப்பத்துக்கு ஜெசி காத்திருக்கவில்லை.

“பாஸ், நான் அந்த மெஷின்ல நிக்க மாட்டேன்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “சரியாக்கினப்புறம் நிக்கிறேன். இந்தக் கையாலதான் சமைக்கிறேன், எங்கம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டுறேன். வேலைய விட்டுப் போகச் சொன்னா போறேன்.”

எல்லோரும் தவுக்கேயின் முகத்தைப் பார்த்தோம். அவர் என்னைப் பார்த்தார். இந்த ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். “அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருக்கு பாஸ். சட்டத்துல இருக்கு. அதுக்காக அவளை ஒண்ணும் செய்யக் கூடாது” என்றேன்.

“நான் என்ன செய்யப் போறேன்?” என்றார் அவர், கொஞ்சம் புண்பட்டவராக. “பேக்கிங்ல போய் நில்லு ஜெசி. சம்பளம் அதேதான்.”

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. எனக்கு நம்பவே முடியவில்லை. சட்டத்தில் எழுதியிருந்தது கண் முன்னால் அப்படியே நடந்துவிட்டது. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது பச்சை மேலங்கியைக் கழற்றாமலேயே போனேன். மீ கடை மருமகனின் மனநிலை அப்போதுதான் புரிந்தது.

ஜெசியின் இடத்தில்

மறுநாள் ஆபீஸில் டீ கலக்கிக்கொண்டிருந்தேன். ‘டொப், டொப்’ என்று அந்தச் சத்தம் கேட்டது.

வெளியே போய்ப் பார்த்தேன். மெஷின் முன்னால் தீபக் நின்றிருந்தார். நேப்பாளத்துக்காரர். மீசையில் நரை விழுந்த, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். எங்களிடம் அட்டைக் கட்டுகளுக்குப் பட்டை இறுக்குகிற வேலை செய்தார். எல்லோரும் சொல்வதைக் கேட்டு அவரும் எங்களை அக்கா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். மற்றபடி அரைகுறை மலாய். அட்டையை வைக்கிறார், கையை இழுக்கிறார். வாய் மூடுகிறது. பழக்கம் இல்லாததால் ஒவ்வொரு முறையும் கை கொஞ்சம் தாமதமாகத்தான் வெளியே வந்தது.

புத்தகத்தில் இதற்கு என்ன இருக்கிறது? தனக்கு ஆபத்து என்று நம்புகிறவர் விலகலாம். ஜெசி விலகிவிட்டாள். தீபக் எதுவும் சொல்லவில்லை. தவுக்கே யாரையும் தண்டிக்கவில்லை. எங்கே தப்பு என்று விரல் வைத்துக் காட்ட எனக்குத் தெரியவில்லை. ஆனால் தப்பு அங்கே நின்று அட்டை வைத்துக்கொண்டிருந்தது.

நான் யோசித்துக்கொண்டே நின்றேன். ஜெசி பேக்கிங் மேசையிலிருந்து நடந்து வந்தாள். என்னைத் தாண்டிப் போனாள். மெஷின் பக்கத்துச் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினாள்.

மெஷின் நின்றது. அக்கம்பக்கத்து மெஷின்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். தவுக்கே வேகமாக வந்தார்.

“என்ன ஜெசி? உன்னைத்தான் மாத்திட்டேனே. உனக்கு என்ன பிரச்சினை?”

“எனக்கு ஒண்ணும் இல்ல பாஸ்.”

“பிறகு?”

“என் கைக்கு ஆகாததுன்னா இவர் கைக்கு மட்டும் ஆகுமா?”

“அவன் வேணாம்னு சொல்லலையே. நீ உன் வேலையைப் பாரு லா.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சாந்தி. இப்ப சொல்லு. அடுத்த ஆள் மெஷினை நிறுத்த இவளுக்கு உரிமை இருக்கா?”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அந்த எறும்பின் பாடு தெரிந்தது. பக்கத்தில் இருப்பவரைக் கவனித்துக்கொள்வது தொழிலாளியின் கடமை என்று எழுதியிருந்தது. அது இதுதானா? இல்லை, வழியில் தண்ணீர் கொட்டியிருந்தால் துடை என்கிற மாதிரி விஷயமா? எனக்குத் தெரியவில்லை.

“மெஷினை நிறுத்திடுங்க பாஸ்” என்றேன்.

“எந்தச் சட்டத்துல?”

“தெரியலை பாஸ். தேடிப் பார்த்துச் சொல்றேன். ஆனா பார்ட் வர்ற வரைக்கும் நிறுத்திடுங்க. நீங்க என்னைச் சேஃப்டின்னு சொன்னீங்க. நான் இதைத்தான் சொல்வேன்.”

அவர் மெஷினுக்குப் பின்னால் போய்ச் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆபீஸுக்குப் போகிற வழியில் சீனத்தில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

பிறகு

பிஸ்கட் ஆர்டரின் மீதி வேறு கம்பெனிக்குப் போனது. ஓவர்டைம் இல்லாமல் போனது. தீபாவளி நேரம். யாரும் ஜெசியை நேரே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் அவளுக்கும் சேர்த்துப் பசியாறல் வாங்கி வருபவர்கள் வாங்கி வர மறந்தார்கள். வழக்கமாக அவளை ரயில் நிலையத்தில் இறக்கிவிடுகிற மோட்டார் சைக்கிள்காரி வேறு பாதையில் போக ஆரம்பித்தாள். மாரி அண்ணன் மட்டும் எப்போதும்போல் பேசினார். நான் அவளை என் காரில் கொண்டுபோய் விட்டேன்.

“தப்புப் பண்ணிட்டேனாக்கா?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“இல்லடி” என்றேன். இதை மட்டும் உடனே சொன்னேன்.

பார்ட் வந்து, மெஷின் மறுபடியும் கண் திறந்தது. நானே அட்டையை நீட்டிச் சோதித்தேன். நின்றது. ஜெசி தன் இடத்துக்குத் திரும்பினாள். பசியாறலும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது.

எனக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. சுவரில் மாட்டிய கொள்கை தீபக்குக்குத் தெரிந்த மொழியில் இல்லை. ஆபத்து என்று யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவும் இல்லை. தெரியாமல்தான் போய் நின்றிருக்கிறார், பாவம். இதையாவது நான் சரிசெய்யலாம். நேப்பாள மொழியில் எழுதி வாங்கி மாட்டலாம் என்று முடிவு செய்துகொண்டு, ஒரு நாள் மதியம் அவரைத் தேடிப் போனேன்.

பின்பக்கம் மோட்டார் சைக்கிள்கள் நிறுத்துகிற கூரைக்கடியில் சோறும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு நானும் ஒரு கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

“தீபக், அன்னிக்கு அந்த மெஷின் முன்னாடி நின்னீங்களே. அது ஆபத்துன்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?” என்று மலாயில் கேட்டேன்.

“யாரும் சொல்லலை அக்கா. ஆனா எனக்குத் தெரியும். நீங்க வெச்ச அட்டை ரெண்டாப் போனதை நானும் பார்த்தேன்.”

“தெரிஞ்சுமா போய் நின்னீங்க?”

அவர் வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கினார். என் கேள்விதான் அவருக்குப் புரியவில்லை போல என் முகத்தைப் பார்த்தார்.

“ஜெசி அக்கா தன் கையைத் தர மாட்டேன்னு சொல்லிட்டாங்க” என்றார். “அதுக்குப் பதிலா கம்பெனியில என் கையைக் கேக்கறாங்கன்னு நினைச்சேன்.”

யார் மேலும் குறை சொல்கிற குரல் இல்லை அது. ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது மாதிரிதான் சொன்னார். பிறகு டப்பாவைக் கழுவக் குழாயடிக்குப் போனார்.